அரைப் புள்ளி

செக்காலை ரோட்டில், வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். மூன்று மேசை, ஒரு ஏசி, அதுவும் ஒழுகும்.
கோயில் காரியக்காரர்கள் கேட்டது சின்ன வேலைதான்:
புள்ளிவரியை இனி வலைத்தளத்தில் கட்ட வேண்டும்,
பினாங்கில் இருந்தாலும் சரி, பள்ளத்தூரில் இருந்தாலும் சரி.

எனக்கு இந்தக் கணக்கு புதுசு.
தேவகோட்டை ஆரோக்கிய செல்சியாவுக்கு
எந்தக் கோயிலிலும் புள்ளி கிடையாது.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி என்றார் கணக்கர் சாத்தப்பன்.
ஆளை எண்ணுவதில்லை, இணையை எண்ணுவோம்.
கேட்க நன்றாயிருந்தது. அப்படியே எழுதிவிட்டேன்:
புள்ளி என்றொரு கிளாஸ்,
உள்ளே கணவன், உள்ளே மனைவி,
இரண்டும் கட்டாயம், வெற்றிடம் ஆகாது.
எண்ணிக்கை, முழு எண்.

ஓ.ஆர்.எம். எனக்கொரு துபாஷி.
நான் வீடு என்பேன், அவன் போய் அட்டவணை என்பான்.
அங்கே வரிசை வரிசையாய்க் கொடுப்பதை
மறுபடி வீடாகக் கட்டி என் கையில் வைப்பான்.
கொஞ்சம் மண்டுவும்கூட. நானூறு வீட்டு விவரம் கேட்டால்
ஒரே நடையில் வாங்கிவராமல்
வாசல் வாசலாய் நானூறு தடவை போய்வருவான்.
அதைப் பிடித்துத் திருத்திய அன்று
கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கனெக்‌ஷன் இருபது. கீழ்க்கடை மூக்கையா அண்ணனின் அண்டா மாதிரி.
போகும், பந்தி முடிந்தால் கழுவித் திரும்பும்.
சிலேட்டில் போனது இவ்வளவு, வந்தது இவ்வளவு.
தினம் ஒரு புது அண்டா யாரும் வாங்குவதில்லை.
சுற்றிவந்தால் போதும், இருபதில் ஊரே சாப்பிடும்.

கடைசித் தேதி. இரவு பதினொன்றே கால்.
எல்லாம் நின்றது.

லாகில் ஒரே வரி, மேலிருந்து கீழாக:
கனெக்‌ஷனுக்குக் காத்திருக்கிறது, காத்திருக்கிறது, டைம் அவுட்.
போனில் சாத்தப்பன்: ஹூஸ்டன்ல இருந்து கூப்பிட்டுக் கத்துறாக,
என்னம்மா செய்றது?
சர்வரை நிறுத்தி ஏற்றினேன். இருபதும் வந்தன.
அரை மணியில் இருபதும் மறுபடி காணோம்.
போனது இருபது, வந்தது சைபர்.

இது கூட்டமில்லை. யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாய்த் தோண்டினேன்.
வயிரவன், ஈப்போ. மனைவி இடம் காலி.
தெய்வானை, கண்டனூர். கணவன் இடம் காலி.
அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும்.
வரி கட்ட வந்தவர்களின் ஒரு பாதியைக் காணாமல்
என் கிளாஸ் இடறி விழுந்திருக்கிறது,
விழுந்த வேகத்தில் கதவைச் சாத்த மறந்திருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டேன். சாத்தப்பன் சாதாரணமாகச் சொன்னார்:
ஒருத்தர் போயிட்டா அரைப் புள்ளி.
சொல்லலையா உங்கள்ட்ட? எல்லாருக்கும் தெரியும்ல.

எல்லாருக்கும் தெரிந்ததைத்தான்
யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

விடியறவரை வாங்கிக்கிடுவோம் என்றார்.
ராமேஸ்வரம் போகும் ரயில் கூவிக்கொண்டு கடந்தது.
வாங்கிவைத்த வெள்ளைப் பணியாரம் விறைத்துப்போயிருந்தது.
முழு எண்ணைத் தசமமாக்கினேன்.
விழுந்தாலும் தேறினாலும், எது நடந்தாலும்
கடைசியில் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடு என்று
முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரியை
இரண்டரை மணிக்கு எழுதினேன்.

சிலேட்டு நேரானது. போனது ஆறு, வந்தது ஆறு.

பிறகுதான் பார்த்தேன்:
மாட்டிக்கொண்ட இருபது, இருபது பேரில்லை.
அதில் ஏழு ஒரே ஆள்.
உண்ணாமலை, கோட்டையூர். ஏழு தடவை அழுத்தியிருக்கிறார்.
எட்டாவது தடவை மூன்று பத்துக்கு.
ரசீது போயிற்று: புள்ளி, அரை.
அந்நேரம் வரை அவரும் விழித்திருந்தார், நானும்.

மூடுவதற்கு முன் கிளாஸில் இரண்டு குறிப்பு சேர்த்தேன்,
அடுத்து வருகிறவர் யாரையும் கேட்காமல் புரிந்துகொள்ள.

கணவன்: இல்லாமலும் இருக்கலாம்.
மனைவி: இல்லாமலும் இருக்கலாம்.