படர்க்கை

தேர்தல் வந்தால் மெசஞ்சர் வீதிக்குத் தூக்கமில்லை.
இந்த முறை எங்கள் அச்சகத்துக்கு
ஒரு படிவமும் வந்திருக்கிறது.
யார் அடிக்கிறார், யாருக்காக, எத்தனை பிரதி, என்ன செலவு.
வேட்பாளருமில்லை கட்சியுமில்லை என்றால்
'மூன்றாம் தரப்பு' என்ற கட்டத்தில் புள்ளடி.

பகல் பதினொரு மணிக்கு ஒரு கறுப்பு வாகனம்.
வெயிலில் இறங்கியவரின் சட்டையில்
ஒரு மடிப்பும் கலையவில்லை.
'நாளைய நண்பர்கள்' என்றது அவர் நீட்டிய அட்டை.
ஒரு லட்சம் கலண்டர்.
செப்டெம்பரில் யாருக்கு ஐயா கலண்டர்?
நான் கேட்கவில்லை.
முகமில்லை, சின்னமில்லை.
ஞாயிறுகள் மட்டும் ஒரு கட்சியின் நிறத்தில்.
"போயா நாட்களும் அதே நிறத்தில் வரட்டும்" என்றார்.
படிவத்தை நீட்டினேன்.
"கலண்டர் எப்போதம்மா பிரசாரமானது?"
முற்பணத்தை எண்ண
முதலாளி வங்கி மெஷினை வெளியே எடுத்தார்.

பின்னேரம் தஸ்லீம் நானா.
கொம்பனித்தெருவில் இருந்த வீடு
இப்போது ஏதோ கோபுரத்தின் கார் தரிப்பிடம்.
திரீவீலைப் பாதி வடிகானில் ஏற்றி நிறுத்திவிட்டு
கொப்பித் தாளை மேசையில் தடவி விரித்தார்:

*ரெண்டு வருஷத்தில சாவி எண்டீங்க.
ஒன்பது வருஷம்.
சாவி தராதவருக்குப் புள்ளடி தராதீங்க.*

முந்நூறு பிரதி. பெயர் போடவில்லை.
அந்தத் தெருவில் போடத் தேவையுமில்லை.

மூன்றாம் தரப்பு, வாசித்துக் காட்டினேன்.
சிரித்தார்.
"திரீவீலுக்குப் போட்டிருக்கிறேனே மிஸ், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்.
நான் இடிச்சா மத்தவனுக்குக் காசு.
என்னை நானே இடிச்சுக்கிட்டா ஒண்டுமில்ல.
அதுதானே இது?"

எல்லை வேண்டுமென்று
கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.
போன தேர்தலில் கொட்டாஞ்சேனைச் சந்தியில்
பதினாறு ஒலிபெருக்கி.
கீரைக்காரி விலை சொன்னது
கையில் கட்டோடு நின்ற எனக்கே கேட்கவில்லை.
அவளுக்கும் பேச்சுச் சுதந்திரம் இருந்தது, அன்று முழுவதும்.

கோடு போட்டவரைக் குறை சொல்லவில்லை.
ஆனால் வாகனத்தில் கடப்பவர்
கோட்டைப் பார்ப்பதே இல்லை.
நடந்து வருபவர்தான்
குனிந்து வாசிக்கிறார்.

பேசுபவர் தன்மை, கேட்பவர் முன்னிலை,
பேசப்படுபவர் படர்க்கை
என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
தன் வீட்டைப் பற்றித் தானே பேசுகிறவர்
எந்த இலக்கணத்தில் மூன்றாம் ஆள்?

"தாளே வேணாம்" என்றார் நானா.
"சந்தியில நிண்டு கத்துறேன். கத்துறதுக்கு எத்தனை சல்லி?"
தொண்டைக்குக் கட்டமில்லை.
படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

கடைசியில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்
நிறுத்தி நிறுத்தி எழுதினார்,
விபத்துக்குப் பிறகு பொலிஸில் எழுதுவது போல.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.
வெட்டுக்கூலி நானூறை நான் போடவில்லை.

கதவடைக்கும் நேரத்தில்
படிவத்தின் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது:
*இலவசமாகச் செய்யப்பட்ட சேவையும் செலவாகும்.*

இன்னொரு படிவம் எடுத்தேன்.
ஜெரால்டின் அமிர்தநாயகம்.
மூன்றாம் தரப்பு.
நானூறு ரூபாய்.

பக்கத்து மேசையில்
கலண்டரின் முதல் ஞாயிறுகள்
மின்விசிறிக் காற்றில்
காய்ந்துகொண்டிருந்தன.