நிறைய என்று எழுதக்கூடாது

கோட்டை வாசலில் சென்ட்ரி
பிள்ளைகளை எண்ணி உள்ளே விட்டான்.
முப்பத்து நாலு.
கொப்பியில் எழுதி, கீழே ஒரு கோடு.
நான் கோட்டுக்குக் கீழே.
ஓட்டோவை வெளியில் விடச் சொன்னார்கள்,
ஆளை உள்ளே வரச் சொன்னார்கள்,
ரீச்சருக்கு அளவுநாடா பிடிக்க ஆள் போதாதாம்.

எண்ணும்போது அசையாமல் நிற்பது
எனக்குப் பழகிய வேலை.
கை தானாகவே சட்டைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டது.
அவன் கேட்கவேயில்லை.

ஆலமரத்தின் கீழ்
நாலு பிவிசிக் குழாய்களைப் பொருத்தினார்கள்.
ஒரு மீற்றர் சதுரம்.
உள்ளே ஊர்வதெல்லாம் எங்கள் குழுவுக்கு.
ஓரத்தில் ஓர் எறும்பு
தலை உள்ளே, வயிறு வெளியே.
கபிஷனுக்கும் டிலானிக்கும் சண்டை.
விதித்தாளை விரித்துப் பார்த்தார்கள்:
தலை எங்கேயோ ஆள் அங்கே.

"அங்கிள், நீங்க எழுதுங்கோ, எங்கட கை முழுக்க மண்."
எழுதினேன்.
எறும்பு: நிறைய.
கபிஷன் அழிறப்பரை நீட்டினான்.
"நிறைய எண்டு ஒரு இலக்கம் இல்லை அங்கிள்."

நிறைய.
இத்தனை வருசம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்
கதைத்துக்கொண்டிருந்தோம்.
நிறையப் பேர் கப்பலில் போனார்கள்.
நிறையப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.
அழிறப்பரோடு எவரும் வந்து
எத்தனை என்று கேட்டதில்லை.

அழித்தேன்.
அறுபத்திரண்டு என்றான். அறுபத்திரண்டு என்று எழுதினேன்.

மான்கள்தான் கஷ்டம்.
நிற்கிற மாதிரி நின்று, எண்ணி முடிக்கும்போது இடம் மாறும்.
ஒரு குழு நாற்பத்தொன்று என்றது,
மற்றது நாற்பத்து மூன்று.
சாப்பாட்டுப் பார்சலை மோந்து பார்த்த கலைமான் ஒன்று,
கொம்பில் சிவப்புப் பொலித்தீன் பை சுற்றியிருந்தது.
அதை மட்டும் யாரும் இரண்டு தரம் எண்ணவில்லை.

மதில் ஓரப் புல்லில் கால் வைத்ததும்
ஆட்காட்டி கிளம்பியது, கத்திக்கொண்டு.
கடல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து
தலைக்கு மேல் மறுபடியும்.
"எங்களை எண்ணுது" என்றாள் ரிஃப்கா.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம் பிந்தி.

பன்னிரண்டரைக்கு வெளியே வரும்போது
முப்பத்து மூன்று.

சென்ட்ரி மறுபடியும் எண்ணினான்.
முப்பத்து மூன்று.
ரீச்சரின் முகத்தில் இரத்தம் இல்லை.
எனக்கு அந்த இலக்கம் தெரியும்,
ஒன்று குறைகிற இலக்கம்,
அடிவயிற்றில் அது இறங்கும் விதமும் தெரியும்.
செருப்பு ஒன்று கழன்றதைக் கவனிக்காமல் ஓடினேன்.

ரிஃப்கா சதுரத்துக்குள்
குப்புறப் படுத்திருந்தாள்.
குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்,
மண்ணில் அதன் தடம் மட்டும்.
மூக்குக்கு முன்னால் ஒரு மரவட்டை,
சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருண்டு.

"வாங்கோ மகள், தேடுறாங்க."
"இது இன்னும் விரியேல்லை அங்கிள்.
விரிஞ்சாத்தான் கால் எண்ணலாம்."
"எவ்வளவு நேரமா?"
அவளிடம் மணிக்கூடு இருந்தது.
"பத்தொன்பது நிமிசம்."

திட்ட வாய் திறந்தேன்.
பிறகு பக்கத்தில் குந்தினேன்.
"அசையாதீங்கோ" என்றாள்,
"ஆக்கள் நிக்கிறது அதுக்குத் தெரியும்."

அசையாமல் இருந்தேன்.
எனக்குப் பழகிய வேலை.

இரண்டு நிமிசம் இருக்கும்.
வாசலில் விசில் ஊதினார்கள்.
அவள் எழும்பி, பாவாடையில் மண்ணைத் தட்டி,
குறிப்பு என்ற கட்டத்துக்குள்
நெருக்கி நெருக்கி எழுதினாள்:
மரவட்டை ஒன்று. கால்கள் எண்ணப்படவில்லை.
நாங்கள் போகும்வரை விரியவில்லை.

வாசலில் சென்ட்ரி முப்பத்து நாலு என்று எழுதி
என்னைப் பார்த்தான்.
மற்றச் செருப்பை அவன்தான் எடுத்து வைத்திருந்தான்.

உட்துறைமுக வீதி நெடுக
பின் சீற்றில் ஐந்து பேரும்
நாற்பத்தொன்றா நாற்பத்து மூன்றா என்று அடிபட்டார்கள்.
நான் சந்தியில் சிக்னல் போட்டுத் திரும்பினேன்.
இப்போது விரிந்திருக்கும்.