காலியான இரண்டு வரிசைகள்

தார்த்துவில் டிசம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
மூன்று மருத்துவமனைகளின் கோப்புகள்
என் மேசைமேல்
ஒன்றையொன்று நம்பாமல் கிடக்கின்றன.

நார்வாவில் எழுத்தை மாற்றிப் படித்தால்
வாசிப்புக் குறைபாடு.
அதே தப்புக்கு எங்கள் ஊரில்
கவனச் சிதறல், முன் பெஞ்சில் உட்கார வைக்கவும்.
வோருவின் ஹெல்யு மருத்துவர்
கூட்டல் கழித்தல் குறிகளால் மட்டுமே பேசுவார்,
சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் போடுவார்.

படியால் அளந்ததை
முழத்தால் அளந்ததோடு ஒப்பிடச் சொல்கிறார்கள்.
நான் மருத்துவர் இல்லை, கட்டம் நிரப்புகிறவள்.
இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்.
பெயரை நீக்கியாயிற்று,
பிறந்த தேதி மட்டும் மிச்சம்.

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை,
பிப்ரவரி இருபத்தொன்பது
மூன்று இடத்தில் கண்ணில் பட்டது. ஒரே வருடம்.
தற்செயல் என்று தள்ளிவிட்டுத் தேநீர் போடப் போனேன்.
தண்ணீர் கொதிக்குமுன் திரும்பிவிட்டேன்.

நார்வா, ஆறு வயது. தாய் மீன் ஆலையில்.
"புரிதல் குறைவு. ரஷ்யத் தாள் தீர்ந்துவிட்டதால்
எஸ்தோனியத் தாளில் சோதித்தோம்.
இடது கை. பென்சிலைக் கடிக்கிறாள்."

தார்த்து, எட்டு வயது. தாய் துப்புரவுப் பணியில்.
"நன்றாகப் பேசுகிறாள், ஆகவே படிக்க மனமில்லாதவள்.
பென்சிலைக் கடிக்கிறாள்."

வோரு, பத்து வயது. தாய் மர ஆலையில்.
ஒரு கூட்டல், நான்கு கழித்தல்,
ஓரத்தில் ஹெல்யு அபூர்வமாக எழுதிய ஒரு வரி:
"என் பென்சிலையும் கடித்துவிட்டாள்."

எல்லாவற்றிலும் முரண்பட்ட மூவர்
ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள்.
அதற்கு என் அட்டவணையில் இடமே இல்லை.

மூன்று வரிசைகளை ஒன்றாக்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பத்தாயிற்று.
"இரண்டு பேர் எங்கே?" என்றார் ஐவார்,
நிதி கேட்கும் கடிதத்தில் பழைய எண்ணை எழுதியிருந்தவர்.
பிறக்கவே இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இருந்தவளுக்கு எந்தக் குறைபாடு என்று போடுவாய் என்றார்.
தெரியவில்லை.
பென்சிலுக்கு ஒரு பத்தி சேர்க்கட்டுமா?
"ஒரே ஒருத்திக்காகவா?"

வெளியே பனிவாரும் வண்டி
ஒரே தெருவை இரண்டாம் முறை சுரண்டிப் போனது.
அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியதும்
ஒன்றாம் எண் கோப்பை எடுத்தேன்,
இந்த முறை
மதிப்பெண்களைத் தாண்டி,
ஓரங்களை மட்டும் படிக்க.