ஐந்து லிட்டர்

காஸ்த்ரோவில், துறைமுகத் தெருவில்,
பௌதீலியோவின் கடை விட்டத்தில்
பைகள் தொங்குகின்றன, உரித்த தோல்களாய்:
மஞ்சள், ஆரஞ்சு, ஒரே ஒரு கறுப்பு.
கறுப்பு வேண்டாம் என்றேன்.
கவிழ்ந்தால் தேட வேண்டும்,
இங்கே கடலும் பாதி நாள் கறுப்பு.

‘தண்ணீர் புகாது’ என்கிறது அட்டை.
எவ்வளவு தண்ணீர்? எத்தனை நிமிடம்?
தெறித்தாலா, நனைந்தாலா, மூழ்கினாலா?
பௌதீலியோ முகவாயைச் சொறிந்தார்.
மழையில்லாத நாளை விரல்விட்டு எண்ணும் இந்தத் தீவில்
இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

"தையலைப் பாரு," என்றாள் நோல்ஃபா,
"ஊசி போன வழியில் தண்ணியும் போகும்."
சால்மன் ஆலையில் பன்னிரண்டு வருடமாய்
மீன்துண்டுகளைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி
உறை ஒட்டுகிறவள்.
விளிம்புகளைக் கட்டைவிரலால் நெருடி
நான்கைத் தள்ளினாள்.
உருக்கி ஒட்டிய ஆரஞ்சு, இருபது லிட்டர், தேறியது.
என் போனுக்கு ரப்பர் வளையம் வைத்த கெட்டிப் பெட்டி
(என் அரை வாரக் கூலி).
கல்லாவுக்குப் போன பிறகு திரும்பி வந்து
ஐந்து லிட்டரில் மஞ்சள் ஒன்றைத் தனியாக எடுத்தாள்.
எதற்கு என்றேன்.
"வேணும்."

செவ்வாய் இரவு, என் சமையலறை.
மீன் தொட்டி நிறையத் தண்ணீர்.
பெரிய பைக்குள் கழிவறைக் காகிதம், ஒரு செங்கல்.
வாயை மூன்று மடிப்பு, பிறகு கொக்கி.
ஒரு மணி நேரம் கழித்து
காகிதம் மொறுமொறுவென்று வந்தது.
ஏமாற்றியது கெட்டிப் பெட்டிதான்.
வளையத்தின் மேல் கிடந்தது
என் பூனையின் ஒற்றை முடி.
நூலுக்கு இடம் கொடுத்தது ஊசி என்பார்கள்.
கடலுக்கு இடம் கொடுக்க ஒரு முடி.
வெங்காயம் தீயாமல் கிளறிக்கொண்டே
வளையத்தைத் துடைத்தேன்.
நோல்ஃபா அடுப்பருகே முதுகு காட்டி நின்று
எதையோ மடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழன். தல்காவேயிலிருந்து மெச்சூகேக்கு
இரண்டு கயாக்.
இரண்டாம் மணியில்
மீன்பண்ணைப் படகொன்றின் அலை பக்கவாட்டில் வந்தது.
நான் தப்பித்தேன்.
அவள் பக்கம் திரும்பியபோது கயாக்கின் அடிவயிறு தெரிந்தது.
துடுப்பு வந்தது. தலை வந்தது.
தூரத்தில் ஆரஞ்சு ஒன்று எனக்கென்ன என்று மிதந்துபோனது.
மஞ்சளை மட்டும் அவள் விடவில்லை,
மார்போடு நெரித்துக் கிடந்தாள்.
மிதவைச் சட்டை போட்டிருந்தாள்தான்.
அதை நம்பவில்லை,
அதன் தையலைப் பார்த்திருக்கிறாள்.

கரை சேர்ந்து, நெருப்பு பிடித்து,
இருபது லிட்டரைத் திறந்தோம்.
கம்பளி காய்ந்து கிடந்தது. தீக்குச்சியும்.
ரொட்டி மட்டும் சொதசொத.
காலையில் என் ஈரக் காலுறையை
நானேதான் உள்ளே போட்டு
அக்கறையாய் மூன்று மடிப்பு மடித்திருக்கிறேன்.
பை சொன்ன சொல் தவறவில்லை:
ஒரு சொட்டு உள்ளே விடவில்லை,
ஒரு சொட்டு வெளியேயும்.

"அந்தச் சின்னதைத் திற, அதிலாவது ஏதாவது தின்ன..."
"ஒண்ணும் இல்ல அதுல."
நெருப்பைக் குத்தினாள். மறுபடி குத்தினாள்.
"எனக்கு நீந்தத் தெரியாது."

பன்னிரண்டு வருடம்
ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் நின்றோம்,
ஜன்னல் நிறையக் கடல்.
நான் கேட்டதேயில்லை.

கொக்கியை விடுவித்தாள்.
ஒரு மடிப்பு, இன்னொன்று, கடைசி.
சின்னதாய் ஒரு பெருமூச்சு விட்டு
வெளியே வந்தது செவ்வாய் இரவு:
வதங்கிய வெங்காயம், பன்றிக்கொழுப்பு,
கொஞ்சம் என் பூனை.
இருவரும் குனிந்து
அது தீரும்வரை முகர்ந்தோம்.

பிறகு எழுந்து நின்று,
வாய் திறந்த பையை ஒரு வீசு வீசி,
புகையும் உப்புமாய்
கைக்குக் கிடைத்ததை உள்ளே பிடித்து
மூன்று மடிப்பு மடித்தாள்.
"திரும்பிப் போகணுமே," என்றாள்.