சட்டைக்கு நாற்பது காசு

பதவி உயர்வு வந்த வாரம்
ஐந்து வெள்ளைச் சட்டைகள் வந்தன வீட்டுக்கு,
நெஞ்சுக்குள் அட்டை வைத்து, கழுத்தில் பின் குத்தி.
இத்தனை நாள் எடைமேடையில் நின்று
செம்பனை லாரிகளை நிறுத்து எழுதிய ஆளுக்கு
கம்பெனி கொடுத்த நீல பனியன் போதுமாயிருந்தது.
இனி மில் ஆபீஸ். ஏர்கோன். காலர்.

சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டுக்
கணக்குப் போட்டார் தவசீலன்.
டோபிக் கடையில் ஒரு சட்டை நாலரை வெள்ளி,
வாரம் ஐந்து, மாதம் தொண்ணூறு.
வீட்டில் என்றால் சவுக்காரத் தூள் ஆறு,
கஞ்சி டின் எட்டு,
கரண்டு பில்லில் ஒரு பத்து கூடும்.
இருபத்து நாலுதான் என்று
அடியில் இரண்டு கோடு கிழித்தார்.

கணக்கு சரி.
லாரி மேடை ஏறும்போதே
டன் சொல்கிற மனிதர்.
நான் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று.

பாடாங் செராயில் திங்கட்கிழமைகளில்
குழாய் தேநீர் ஊற்றும்.
காற்று இந்தப் பக்கம் திரும்பினால்
மில்லின் புகைபோக்கி எங்கள் கொடிக்கயிற்றில்
கறுப்புக் கடுகு தாளிக்கும்.
நாலு மணி மழை ஐந்துக்கு வரும், மூன்றுக்கும் வரும்.
இந்த ஊரில்
வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பதற்குச்
சம்பளம் கொடுக்கலாம்.

கொடுக்கிறார்கள்.
பஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் லியோங் டோபி,
ஆறு வருஷமாய் இஸ்திரி மேசை என்னுடையது.
சட்டைக்கு நாற்பது காசு.
மானேஜரின் மெல்லிய கோடுகள்,
வக்கீல் நல்லமுத்துவின் மஞ்சள் ஏறிய அக்குள்,
பெரிய கிராணியின் பையில்
துவைந்து கூழான நாலு நம்பர் சீட்டு,
எல்லாம் எனக்குத் தெரியும்.
என்னை அவர்களுக்குத் தெரியாது.

கடைக்கே போடுங்களேன், என்றேன்.
எப்படியும் உன் கைக்குத்தானே வரும்,
எதற்கு வீண் செலவு, என்றார்.
நான் சோற்றுப்பானையை மூடினேன்,
கொஞ்சம் சத்தமாக.

முதல் மாதம் வீட்டிலேயே.
கடையில் அறுபது போட்ட கை
இரவு பத்து மணிக்கு
அறுபத்தொன்றைத் தொடும்.
முழங்கை வரை ஒரே சூடு,
எது கூலிச் சூடு எது வீட்டுச் சூடு என்று
பிரிக்கத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் தண்ணீர் வெட்டு, நாலு நாள்.
ஒரு சிவப்புப் பையோடு
கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.
தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
"பேர்?"
சிரிக்கலாமா என்று யோசித்தார்.
"தவசீலன்."
"கஞ்சி?"
"மிதமாய்."
ஒரு மாதமாய்க்
கட்டியாய்ப் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புதன்கிழமை வாங்க வந்தார்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்தும் ஹாங்கரில்.
தொங்கிக்கொண்டிருந்த கைப்பட்டன் ஒன்றை
இறுக்கித் தைத்திருந்தேன்.
விரலால் தடவிப் பார்த்தார்.
ஐம்பது வெள்ளி நோட்டு நீட்டினார்,
இருபத்தேழு ஐம்பது திருப்பிக் கொடுத்தேன்,
எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தார்.
பிறகு கடைகளில் எல்லாரிடமும் சொல்கிற மாதிரி,
வாய் தவறி,
"தெரிமா காசே."

இரண்டு பேருக்கும் முகம் எங்கே வைப்பது என்று
தெரியவில்லை.
ரஃபிக் பாய் பின்னால்
மெஷினில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து சட்டை, என் பங்கு இரண்டு வெள்ளி.
அன்று மாலை பாசார் மாலாமில்
சூடாக ஓர் அப்பம் பாலிக் வாங்கி
நடந்துகொண்டே தின்றேன்.
கடலைப்பொடி சட்டையில் கொட்டியது. என் சட்டையில்.
அவருக்கு ஒன்று வாங்கியிருக்கலாம்.
வாங்கவில்லை.

மறுநாள் காலை புறப்பட்டார்,
கத்தி மாதிரி மடிப்பு, மிதமான கஞ்சி.
பின்கழுத்தில், காலருக்கு வெளியே,
பின் குத்திய சின்னச் சீட்டு,
என் கையெழுத்தில் 417.
மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
வாசல் தாண்டும்போது பார்த்தேன்.
சொல்லவில்லை.