காரணம் தெரியாத இரண்டு பார்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்புறம்,
ஐஸ் கம்பெனியின் பில் போடும் மென்பொருளுக்கு
வயது பத்தொன்பது.
எழுதியவர் பெயர் எங்கும் இல்லை.
உச்சியில் ஒரு குறிப்பு மட்டும்:
'தற்காலிகம். அடுத்த வாரம் சரிசெய்யணும். - வெ.'

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வரி,
ஒரே ஃபங்ஷன்.
எக்ஸ், எக்ஸ்எக்ஸ், எக்ஸ்எக்ஸ் ஒன்று,
பிறகு என்ன கோபமோ
வெறும் ஏஏஏ.

'தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதேன்' என்றான் ஆல்வின்.
அவனுக்கு அடுத்த மாதம் சம்பளம் பெங்களூரில்.
எனக்கு இங்கேதான்.
ஒரு பில் பிசகினால்
சோனாங்குப்பத்துக்காரர்கள் என் மேசைக்குத்தான் வருவார்கள்.

ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
உப்பனாற்றில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன.
ஐஸ் கேட்க ஆளில்லை,
தப்பினாலும் சின்னத் தப்பு.
முதல் நாள் நான் எதையும் தொடவில்லை.
போன வருடத்து பில் நாற்பதாயிரத்தையும்
பழைய நிரலில் ஓடவிட்டு
பைசா சுத்தமாகச் சேமித்துக்கொண்டேன்.
இனி எங்கே கை வைத்தாலும்
இந்த நாற்பதாயிரமும் அப்படியே திரும்பி வரவேண்டும்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு பெயர்.
எக்ஸ், 'பார் எண்ணிக்கை' ஆனது.
ஓட்டினேன். வந்தது.
டீ குடித்தேன்.

மூன்று இடத்தில் ஒட்டியிருந்த ஏற்றுகூலிக் கணக்கை
ஓரிடத்துக்குக் கொண்டுவந்தபோது
அதில் ஒன்று மட்டும்
முப்பது பைசா கூடுதலாகச் சொன்னது.
சரியா தப்பா தெரியாது.
அந்த முப்பது பைசாவையும் கூடவே அழைத்துப் போனேன்.
திருத்துவது வேறொரு நாள் வேலை.

ஒருநாள் பேராசை,
ஐந்து மாற்றம் ஒரே மூச்சில்.
நூற்றெட்டு பில் சாய்ந்தது.
ஐந்தில் எது?
எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்து
ஒவ்வொன்றாக மறுபடி வைத்து முடிக்கையில்
திருப்பாதிரிப்புலியூர் கடைசி பஸ் போயிருந்தது.

அறுநூறாவது வரிக்குக் கீழே அது இருந்தது:
படகு எண் நூற்றுப் பதினான்கு என்றால்
இரண்டு பார் கழிக்கவும்.
ஏன் என்று ஒரு சொல் இல்லை.
கணக்கர் குணபூஷணம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'நூத்திப் பதினாலா... தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?'
முதலாளி மரைக்காயர் போனில் சிரித்தார்.
'வாப்பா யாருக்கோ சொன்ன சொல்லா இருக்கும்.
எதுக்கும் இருக்கட்டும்.'
மார்ச்சில் மட்டும் ஆறு தடவை கழிந்திருக்கிறது.
இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை,
கணினியும் மறக்கவில்லை.

நான் நீக்கவில்லை.
இடுக்கிலிருந்து முள்ளெடுப்பதுபோல் எடுத்து,
தனி ஃபங்ஷனாக்கி,
தெரிந்ததைத் தெரிந்தபடி பெயர் வைத்தேன்:
காரணம்_தெரியாத_இரண்டு_பார்.

ஜூன் பதினான்கு மாலை.
ஐஸ் உடைக்கும் மெஷின் அலறுகிறது,
கவுன்டரில் வரிசை, ஈரத்தில் ஒட்டும் காகிதம்.
குணபூஷணம் பழைய பில்லையும் புதிய பில்லையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.
'ரெண்டு மாசமா என்னதாம்மா செஞ்சே?
அதேதானே வருது?'
'அதேதான் சார்.'

ஏழாவதாக வந்தது நூற்றுப் பதினான்கு.
என் வயதுக்காரர், கழுத்தில் துண்டு.
நாற்பது பார் ஏற்றினார்,
முப்பத்தெட்டுக்குப் பணம் எண்ணினார்,
பில்லைப் படிக்காமல் சட்டைப்பையில் செருகினார்.
கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.