கேக்குக்கு இருந்த ஸ்பிரிங்

மூன்றடுக்குக் கல்யாணக் கேக்.
கென்ட் நகரத்தின் கல் பாவிய தெருக்களில்
பதினோரு நிமிடம்.
ஒரு க்ரீம் ரோஜாகூடச் சாயவில்லை.
முந்தின நாள் ஒத்திகையிலேயே அது தெரிந்துவிட்டதால்
பட்டறையில் எல்லோருக்கும்
என் காசில் பீர்.

பெட்டிக்கு அடியில் நாலு ஸ்பிரிங்,
ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர்,
ரப்பருக்கு அடியில் என் இரண்டு வருடத் தூக்கம்.
பேட்டரியைச் சட்டத்தின் வயிற்றில்
தாழ்த்தி வைத்தேன்;
நூற்றிருபது கிலோ ஏற்றினாலும்
திருப்பத்தில் வண்டி பதறாது.

ஓட்டி வந்தவள் குலிசார்.
கேக்கை இறக்கிவிட்டுக்
கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினாள்.
விழுந்தது.
எடுத்தாள். மறுபடி விழுந்தது.
கல்யாண வீட்டார் சிரித்தார்கள்.
வேடிக்கை பார்க்கப் போயிருந்த நானும்.

சிரிக்காதவள் தெருவுக்கு வந்து சொன்னாள்:
"லீவன், நீ பெட்டிக்குள் ஏறு."

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
வனிலா வாசனை மிச்சமிருந்தது.
டிராம் தண்டவாளம் வந்து போனதாம்,
எனக்குத் தெரியாது.
லெய் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில்
மோட்டார் கொஞ்சம் முனகியது.
மழை பிடித்தது; தலைக்கு மேல் மூடி.
தொட்டில் என்றால் மிகை.
ஆனால் கொட்டாவி விட்டேன்,
அது உண்மை.

"இப்போது இறங்கு. நீ ஓட்டு.
நான் ஐம்பத்தெட்டுக் கிலோ,
உன் கேக்கைவிடக் கொஞ்சம் கூட."

முதல் தெருவில் பற்கள்
ஒன்றையொன்று நலம் விசாரித்தன.
இரண்டாம் தெருவில் மணிக்கட்டு.
மூன்றாவதில் எந்த இடம் என்பதை
நாகரிகம் கருதி எழுதவில்லை.
கைப்பிடியை
என் தோளை அளந்துதான் வரைந்திருந்தேன்.
பிரேக்கும் என் விரல் நீளம்.
அவள் கையோ என் கையில் முக்கால்கூட இல்லை;
எட்டி எட்டித்தான் பிடித்திருக்கிறாள்
இந்த நான்கு மாதமும்.

ஏழு நிமிடத்தில் விரல்கள் மரத்தன.
மரமென்றால் மரம்தான்,
ஓரிலைகூட அசையாத மரம்.
அவளுக்கு ஒரு நாளைக்கு
ஏழு மணி நேரம்.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது:
"இங்கே அருமையாக இருக்கிறது, லீவன்.
நான் கேக்காகவே இருந்திருக்கலாம்."

அன்றிரவு வரைபடத்தைத் திறந்தேன்.
ஓட்டுநர் என்று அதில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை.
உயரம் கேட்கிறது, எடை கேட்கிறது,
கால் நீளம் கேட்கிறது.
வலிக்கிறதா என்று கேட்க
ஒரு கட்டம் இல்லை.
பெட்டியின் பக்கத்தில் மட்டும்
என் கையெழுத்தில் ஒரு குறிப்பு:
உடையக்கூடியது.

இருக்கைக்கும் ஸ்பிரிங் என்றால்
அறுபது யூரோ கூடும் என்றாள்
கணக்குப் பார்க்கும் ஓடில்.
"கேக் உடைந்தால் பணம் திருப்பித் தருகிறோம்.
மணிக்கட்டுக்கு யாரும்
திருப்பிக் கேட்டதில்லையே."
கெட்ட மனசில்லை அவளுக்கு.
நெடுவரிசையில் அப்படித்தான் இருந்தது.

பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கைக் கழற்றினேன்.
செலவில்லாமல்
இருக்கைக்குக் கீழே பொருத்தினேன்.
கைப்பிடியை வெட்டி, வளைத்து,
அவள் முழங்கை மடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்தேன்.
அதற்கு மூன்று முறை அவளை நிற்கவைத்து அளந்தேன்;
மூன்றாம் முறை,
"தையற்காரன்கூட இவ்வளவு படுத்தமாட்டான்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை
மூன்றடுக்கில் நடு அடுக்கின் ரோஜா
ஒரு விரல் அளவு சாய்ந்தது.
மணப்பெண்ணின் அம்மா
தொலைபேசியில் என்னைப் பேசவேவிடவில்லை.
இருபது யூரோ திருப்பிக் கொடுத்தோம்.
ஓடில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

மாலையில் குலிசார் வண்டியைச் செருகி
சார்ஜ் போட்டாள்.
வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதினாள்,
பேனா விழவில்லை.
எழுத்து நேராக இருந்ததா என்று
எட்டிப் பார்த்தேன்.
"இடது சுண்டுவிரல் மட்டும்
இன்னும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது"
என்று சொல்லிவிட்டுக்
கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்.

ஐந்து பொத்தான்.
நான் திருகாணி தேடுவதுபோலக் குனிந்து
எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாலாவதில் கொஞ்ச நேரம் பிடித்தது.